தெலுங்கில் பொய் சொல்லாத ரூம் நைனா

ரூம் நைனா அந்தக் கேள்வியைக் கேட்டபோது லாட்ஜின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லருகே இருந்தவர்கள்: கையில் சோப்பு நுரையோடு மேரியக்கா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த முதலாளி, எதற்கும் பயன்படாமல் நின்றுகொண்டிருந்த நான். இல்லாதவர்கள்: டாக்டர், நைனாவுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாராவது ஒருவர், அவர் தயவில் திருத்தணியில் படுத்துத் தூங்கிய ஆயிரக்கணக்கான பக்தர்கள். மலைமேல் இருக்கிற முருகன் அப்போது அங்கே இருந்தாரா இல்லையா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். மனிதன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கெடுத்தாலும், இவ்வளவு பெரிய பொய்யரும் இவ்வளவு பெரிய யோக்கியரும் ஒரே வாயில் குடியிருந்தது ரூம் நைனாவிடம் மட்டும்தான். இரண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்லை. பொய்யர் தமிழ் பேசினார். யோக்கியர் தெலுங்கு பேசினார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று, மலைக்கு வரும் பக்தர்களை மடக்கி எங்கள் லாட்ஜுக்கு அழைத்து வருவதுதான் அவர் வேலை. ஆதார் அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் ரூம் நைனா.

நான் அந்த லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். முதலில் டிகிரி வாங்கியவனும் நான். டிகிரியை வைத்துக்கொண்டு முதலில் சும்மா இருந்தவனும் நானே. அப்பா திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் அச்சில் வந்துவிட்டால் அது சத்தியம். ரேஷன் கடையில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக்கூட அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுதான் என்னைப் படித்துச் சொல்லச் சொல்வார். அரசுத் தேர்வுக்குப் படிக்க இடமும் கிடைக்கும், சம்பளமும் வரும் என்றுதான் லாட்ஜில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் நாளே, நோட்ஸை மூடி வைத்துவிட்டு நைனாவைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"சார், வாங்க சார்! குடும்பமா வந்துகிறீங்க, நல்ல ரூமா பாக்கணும். ஹில் வியூ! ஜன்னலத் தொறந்தா மலை!"

"சுடுதண்ணி வருமாப்பா?"

"வருமாவா? நிறுத்த முடியாம கஷ்டப்பட்டுகினு கீறோம் சார்!"

"லிஃப்ட்?"

"கீது சார். இன்னிக்கி ஒரு நாளு சர்வீஸுக்குப் போயிகீது."

லிஃப்ட் எப்படி எழுந்து சர்வீஸுக்குப் போகும் என்று ஒரு பக்தரும் கேட்டதில்லை. சாமி கும்பிட வருகிறவர்கள் நம்பத் தயாராகவே வருகிறார்கள். எங்கள் லாட்ஜில் இரண்டு மாடி, ஒரு ஏணிப்படி. ஹீட்டர் என்று ஒன்று இருந்தது. அது தண்ணீரைவிடச் சுவரைத்தான் நன்றாகச் சூடாக்கும். ஹில் வியூ அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு கட்டடத்தின் பக்கச்சுவர். அதில் பெயிண்ட் விளம்பரம். விளம்பரத்தில் பனி மூடிய ஒரு மலை.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவர் கொதித்துப்போய் இறங்கி வந்தார். "இதுவாய்யா ஹில் வியூ?"

"மலைதான சார் அது?" என்றார் நைனா, கொஞ்சமும் அசராமல். "உங்குளுக்குத் தெரியாததா? முருகரு இந்த மலைலதான் இருக்கணும்னு ரூல் கீதா?"

ஆசிரியர் திரும்பி மேலே போனார். மறுநாள் காலை அறையைக் கூட்டப் போன மேரியக்கா, அவர் ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பி நின்றதாகச் சொன்னாள்.

இது தமிழ். ஆனால் இந்த ஊருக்கு ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். நகரி, புத்தூர் பக்கத்து பஸ்கள் வந்து நின்று, ஒரு குடும்பம் மூட்டையோடு இறங்கி, "நீள்ளு வஸ்தாயா?" என்று கேட்கும். தண்ணீர் வருமா என்று அர்த்தம். அவ்வளவுதான், நைனாவின் முகம் விழுந்துவிடும். இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தப்பட்ட பள்ளிப் பிள்ளை மாதிரி நிற்பார்.

"ராவு," என்பார். வராது. அதோடு நிறுத்துவாரா? "நல்லுலு உன்னாயி," மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். பிறகு அவர்கள் மூட்டையைத் தானே தலையில் தூக்கிக்கொண்டுபோய், அடுத்த தெருச் சத்திரத்தில் நல்ல அறையாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு வருவார்.

முதலாளிக்கு அழுகை வந்துவிடும். "டேய் நைனா! உனுக்குச் சம்பளம் நான் குடுக்கறனா, சத்திரத்துக்காரன் குடுக்கறானா?"

"நீங்கதான் மொதலாளி."

"அப்புறம் இன்னாத்துக்குடா மூட்டப்பூச்சியச் சொன்ன?"

"அவங்க தெலுங்குல கேட்டாங்க மொதலாளி. நான் இன்னா பண்ணட்டும்?"

கடைசியில் முதலாளி ஓர் உத்தரவு போட்டார். தெலுங்குக்காரர்கள் வந்தால் நைனா வாயைத் திறக்கக்கூடாது. கையைக் காட்டி மட்டும் அழைத்து வர வேண்டும். ஒரு வாரம் பிரமாதமாக நடந்தது. பிறகு ஓர் அம்மாள், ஐயோ பாவம், ஊமை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு நைனாவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? வாய் திறந்தது. நன்றிக்குப் பின்னாலேயே மூட்டைப்பூச்சியும் வந்துவிட்டது. அந்தம்மாள் பூச்சிக்குப் பயப்படவில்லை. முருகன் ஊமையைப் பேசவைத்துவிட்டான் என்று பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்து கும்பிட்டார். கும்பிட்டுவிட்டுச் சத்திரத்துக்குப் போனார்.

நான் படித்தவன் அல்லவா, ஒருநாள் விவாதத்தில் இறங்கினேன். "நைனா, பொய்னா எந்த பாஷையில சொன்னாலும் பொய்தான?"

"காலேஜு, குந்து," என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "எங்க நைனா, அதான் எங்கப்பா, தமிழு. எங்கம்மா தெலுங்கு. நான் இத்துனூண்டு இருக்கசொல்லோ எங்க நைனா அரக்கோணம் போறேன், சாயந்திரம் வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனாரு. தமிழ்லதான் சொன்னாரு. சாயந்திரம் இன்னும் ஆவல."

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார்.

"எங்கம்மா என்னைய மலைக்குக் கூட்டிகினு போயி, கையில கற்பூரம் ஏத்தி அணைச்சி சத்தியம் வாங்கினா. இனிமே நம்ப வூட்ல நம்ப பேச்சு மட்டும்தான். அதுல பொய் வரக்கூடாதுன்னா. அவளும் பண்ணா, நானும் பண்ணேன். தமிழுக்குப் பண்ணல. தமிழு ஊருக்கு. ஊர்ல பொய் இல்லாம எப்பிடிப் பொழைக்கிறது?"

"சரி, சாமிக்கு எது கேக்கும்?"

"ஆறு மூஞ்சி, பன்னண்டு காது. அதுல பதினொன்னு தமிழுக்கு. எல்லாம் கூட்டம், நெரிசலு. ஒரு காது தெலுங்குக்கு. காலியா கீது. சொன்னது அப்படியே போயி வுழும்."

"ஆந்திராவுலருந்து அத்தன பேரு வராங்களே?"

"அவங்கள்லாம் திருப்பதியிலயே சொல்லி முடிச்சிட்டு வந்துடுவாங்கப்பா!"

கிருத்திகைதோறும் மலையேறி அந்தக் காலிக் காதில் வேண்டிக்கொள்வார். அதிலும் சங்கடம். மற்றவர்கள் தமிழில் வெள்ளி வேல் தருகிறேன், தங்க மயில் தருகிறேன் என்று தாராளமாக வேண்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். இவரால் முடியாது. கிடைத்தால் ஒரு தேங்காய், கிடைக்காவிட்டால் இல்லை என்று அங்கேயும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். திருத்தணி முருகனிடம் இவ்வளவு குறைவாக ஆசைகாட்டிய பக்தர் இவராகத்தான் இருப்பார்.

அம்மா போன பிறகு அவர் தினமும் தெலுங்கு பேசியது மேரியக்காவிடம் மட்டும்தான். லாட்ஜின் படுக்கை விரிப்புகளைத் துவைப்பவள் அவள். புத்தூர்ப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டில் ஜெபமும் தெலுங்கு, பைபிளும் தெலுங்கு. கல்லுக்குப் பக்கத்தில் நைனா குந்திக்கொள்வார். இன்றைக்கு மழை வரும், வராது. கத்தரிக்காய் நேற்றைவிட விலை கூடுதல். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பரவாயில்லை. இவ்வளவுதான் பேச்சு. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத பேச்சு. ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. அரைகுறைத் தெலுங்கு எனக்கும் வந்துவிட்டதால் நானும் பக்கத்தில் போய் நிற்பேன். நோட்ஸ் படித்துச் சூடான மண்டைக்கு அது நன்றாக இருக்கும்.

இதை முதலாளியும் கண்டுபிடித்து வைத்திருந்தார். நைனா எங்கேயாவது படுத்துத் தூங்கிவிட்டு வந்து, "அரக்கோணம் ஸ்டேஷன்ல ஆள் புடிச்சிகினு இருந்தன் மொதலாளி, முருகன் மேல ஆணை!" என்று தமிழில் அடித்துச் சொல்வார். முதலாளி பின்பக்கம் பார்த்துக் கத்துவார்: "மேரி! இவன் எங்க இருந்தான்னு உங்க பாஷைல கேளு!" மேரியக்கா கேட்பாள். நைனா தலையைக் குனிந்து, மூன்றாம் நம்பர் அறையில் கட்டிலுக்குக் கீழே என்று தெலுங்கில் சொல்லிவிடுவார்.

மேரியக்காவுக்கு இந்த வேலை பிடிக்காது. "எந்த பாஷைல சொன்னாலும் பொய்யி பொய்யிதான் அன்னா. எங்க ஏசப்பாக்கு எல்லா பாஷையும் தெரியும்," என்பாள். அண்ணன் என்பதற்கு அவள் பேச்சில் அன்னா.

"உங்க சாமி படிச்சவரு," என்று நைனா தெலுங்கில் ஒப்புக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நைனா கண்ணாடித் துண்டை மிதித்தார். வலிக்கவில்லை. வலிக்காததால் ஒன்றுமில்லை என்று காப்பித்தூளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். சில வாரம் கழித்து, ரிசப்ஷனில் அவர் வந்து நின்றால் நான் ஊதுவத்தி ஏற்ற ஆரம்பித்தேன். பிறகு ஊதுவத்தியும் போதவில்லை. துணியைப் பிரித்துப் பார்த்தபோது மூன்று விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இளம்பெண். எவ்வளவு பொறுமையாகச் சொன்னார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஐயா, உங்களுக்கு ஷுகர் ரொம்ப அதிகம். ரொம்ப நாளாக இருக்கிறது. அதனால்தான் வலி தெரியவில்லை. மூன்று விரலையும் எடுத்துவிட்டால் கால் நிற்கும். தள்ளிப்போட்டால் முழங்கால்வரை போகும். இன்னும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. நைனா கைகட்டி, மரியாதையாக, எல்லாவற்றுக்கும் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என் முதுகில் தட்டினார்.

"இன்னா ஷோக்கா பேசுது அந்தப் பொண்ணு!"

"நைனா, அவங்க சொன்னது புரிஞ்சுதா இல்லியா?"

"புரியாம இன்னா? நான் பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு ரூமுக்கு ஆள் புடிக்கிறேன். அது இங்க குந்திகினு பெட்டுக்கு ஆள் புடிக்குது. நானாச்சும் சுடுதண்ணி தரேன்னு கூப்புடறேன். அது வெரல வெட்றேன்னு கூப்புடுது. யாவாரம் தெரியல, பாவம். சின்ன வயசு."

ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அச்சடிச்சிருக்கு பாருங்க நைனா!" என்றேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

"எங்கம்மா வாயில இந்த ஷுகர்ன்ற பேச்சே வந்ததில்ல தம்பி. எங்க வூட்டுக்கு ஜொரம் வந்துகீது, அம்மை வந்துகீது, கடங்காரன் வந்துகீறான். இது வந்ததே இல்ல."

அச்சில் இருந்தது. எனக்கு அது போதும். அவருக்கு அது இன்னொரு ஹில் வியூ.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. போனை எடுத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் தமிழில் தட்டி, தெலுங்கில் பேச வைத்தேன். போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சுத்தமான தெலுங்கில் அவர் காலைப் பற்றி அவருக்குச் சொன்னது. நைனா திடுக்கிட்டுக் குனிந்து கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. முடியும்வரை கேட்டுவிட்டு, போனிடம் மரியாதையாக, "ஏ ஊரம்மா நீதி?" என்றார். எந்த ஊரம்மா உனக்கு? போன் பதில் சொல்லவில்லை.

"இந்தப் பொண்ணோட அம்மா யாரு?"

"அம்மால்லாம் கிடையாது நைனா. மெஷின்."

"அம்மா இல்லாததுக்கு பாஷ எங்கிருந்து வந்துது?" என்று கேட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு ஆள் பிடிக்கப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது மேரியக்கா. முதலாளி அவளிடம் கெஞ்சினார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. "நீ சொன்னா நம்புவான் மேரி. வெரலத் தொட மாட்டாங்க, மருந்து மட்டும் போடுவாங்கன்னு சொல்லிடு. அங்க படுக்க வச்சிட்டா மத்தத டாக்டருங்க பாத்துப்பாங்க."

"பொய்யெல்லாம் நான் சொல்ல மாட்டேங்க," என்றாள் மேரியக்கா. "உள்ளதச் சொல்றேன்."

நான் அவள் பக்கம்தான். உள்ளதைச் சொன்னால் போதும், நம்பினால் போய்விடுவார் என்றேன். ஒன்று உண்மை என்று தெரிந்துவிட்டால் மனிதன் அதன்படி நடப்பான் என்றுதான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

துணி துவைக்கும் கல்லருகே மேரியக்கா தெலுங்கில் சொன்னாள். ஷுகர் இருக்கிறது. ரொம்ப நாளாக இருக்கிறது. விரல் செத்துவிட்டது. விட்டால் கால் போகும், ஆள் போகும். நைனா கேட்டுக்கொண்டே வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மாறியது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். துணி சுற்றிய காலை இரண்டு கையாலும் தூக்கி, யாருடையதோ என்பதுபோல் பார்த்தார். பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "அப்பா!" என்று முனகினார். இத்தனை வாரமாக வலிக்காத கால் வலித்தது. நம்பிய பிறகுதான் வலித்தது. இதை எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கோஸ்தாரா?"

வெட்டுவார்களா?

அவரே தொடர்ந்தார். வெட்டுவார்கள் என்றால் நான் போகமாட்டேன். அம்மா முழுசாகப் பெற்றாள், முழுசாகவே போகிறேன். நீ சொல்லும்மா, வெட்டுவார்களா?

உண்மையைச் சொன்னால் போய்விடுவார் என்று நான் கட்டிய கோட்டை அந்த இடத்தில் இடிந்தது. அவர் எல்லாவற்றையும் நம்பினார். நம்பியதால்தான் போக மறுத்தார். மேரியக்கா என்னைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன். முதலாளியைப் பார்த்தாள். பொய்யைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிய மனிதர் இப்போது கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கை நுரையைப் புடவையில் மெதுவாகத் துடைத்தாள்.

"கொய்யரு அன்னா," என்றாள். வெட்ட மாட்டார்கள்.

"அம்ம தோடு?"

அம்மா மேல் ஆணையா? தெலுங்கு வீடுகளில் இதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது.

"அம்ம தோடு," என்றாள் மேரியக்கா.

நைனாவின் முகம் மலர்ந்த விதத்தை என்னால் எழுத முடியவில்லை. சட்டென்று எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, "பத, பத, போதாம்!" என்று எங்களைத்தான் அவசரப்படுத்தினார். ஆட்டோவில் உட்கார்ந்து, டிரைவரிடம் எங்கள் லாட்ஜின் லிஃப்ட் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் மறைக்கவில்லை. அந்த டாக்டர் மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, மூணு விரலையும் எடுக்கப்போறோம். உங்களுக்குச் சம்மதமா?" என்று தெளிவாகக் கேட்டார். தமிழில் கேட்டார்.

"தாராளமா எடுங்கம்மா!" என்றார் நைனா. கையெழுத்தும் போட்டார். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். தொழில் தெரிந்த ஒருவர் இன்னொருவரை விட்டுக்கொடுக்காத கண்ணடிப்பு. நான் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நிஜமாவே எடுக்கப்போறாங்க," என்றேன். நானும் தமிழில்தான் சொன்னேன். "ஆங், ஆங்," என்று என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மேரியக்கா பிரெட்டும் பாலும் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். நைனா கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி படுத்திருந்தார். கத்துவார், திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்காக நடுவில் போய் நின்றும் கொண்டேன்.

நைனா தலையைத் திருப்பினார். "வாங்கம்மா, வாங்க," என்றார். "உக்காருங்க. பஸ்ஸு கூட்டமா இருந்துதா?"

தமிழ். அவளிடம் அவர் பேசிய முதல் தமிழ். கோபம் துளியும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு இறங்குகிறவர்களிடம் பேசும் அதே குரல். மேரியக்கா தெலுங்கில் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் நின்றுவிட்டது. பிரெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

"அக்கா உங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க நைனா," என்றேன்.

"தெரியும் தம்பி. எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றோம். நானும்தான் சொல்றேன், பஸ் ஸ்டாண்டுல."

மேரியக்கா தன் பாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி அழுதாள். "இன்னா சொன்னாரு அக்கா?" என்று கேட்டேன்.

"ஏசப்பா மன்னிச்சிடுவாருன்னாரு. ஏசப்பா பெரிய ஆளு, மன்னிச்சிடுவாரு. அன்னா சின்ன ஆளாச்சே தம்பி."

கால் நின்றது. டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. புண் ஆறி, தனியாகச் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு நைனா திரும்பவும் வேலைக்கு வந்தார். அன்று புத்தூர் பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் தண்ணீர் வருமா என்று கேட்டது. நான் தேங்காய்க் கடைப்பக்கம் நின்றிருந்தேன்.

"வஸ்தாயி!" என்றார் நைனா, முகமெல்லாம் சிரிப்பாக. "இரவை நாலுகு கண்டலு!" இருபத்துநாலு மணி நேரமும் வரும். ஹில் வியூவைத் தெலுங்கில் சொன்னார். லிஃப்ட் சர்வீஸுக்குப் போயிருப்பதையும் சொன்னார். தமிழைவிட நன்றாகவே சொன்னார்.

லாட்ஜ் நிரம்ப ஆரம்பித்தது. கட்டில் இல்லாமல் பாய் விரித்தோம். முதலாளி ஒருநாள் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். திரும்பி வந்து என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெலுங்குலயும் சொல்றான்டா," என்றார்.

அடுத்த வாரம் ஹீட்டரைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிது போட்டார். மெத்தைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார். ஆள் வைத்து ஒவ்வோர் அறையாக மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்தார். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன மனிதர். ஏன் இப்படி என்று கேட்டேன். "அவன் அந்தப் பேச்சுல சொல்றது பொய்யா இருக்கக்கூடாதுடா," என்று எரிந்து விழுந்தார். எதிர்ச்சுவரை இடிக்க முடியுமா என்றுகூட விசாரித்தார். லிஃப்ட் மட்டும் அவர் சக்திக்கு மீறியது.

நான் ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். "நைனா, இப்ப நிஜமாவே சுடுதண்ணி வருது! மூட்டப்பூச்சி ஒன்னுகூட இல்ல!"

"வரும் வரும்," என்று கண்ணடித்தார். "நல்லாத் தேறிட்ட காலேஜு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்து காட்டினேன். ஆவி பறந்தது. விரலை நீட்டினார், சுட்டது, எடுத்துக்கொண்டார். "இன்னிக்கி ஒரு நாளு வருது போல," என்றார்.

கிருத்திகைக்கு இப்போதும் மலைக்குப் போகிறார், ஆட்டோவில். ஒருமுறை நானும் கூடப் போனேன். சன்னதியில் அவர் உதடு அசையவே இல்லை. "எந்தக் காதுல சொன்னீங்க நைனா?" என்று கேட்டேன். "சொல்லல. சும்மா பாத்துட்டு வந்தேன்," என்றார்.

மேரியக்கா இன்றும் கல்லருகே இருந்து தெலுங்கில்தான் பேசுகிறாள். மழை வரும்போல் இருக்கிறது அன்னா. கத்தரிக்காய் இறங்கியிருக்கிறது அன்னா. "அப்பிடிங்களாம்மா?" என்று தமிழில் பதில் வருகிறது. அவர் வானத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் காசு ஒன்றும் ஆகவில்லை. ஹீட்டருக்கும் மெத்தைக்கும் ஆனதை வாடகையில் எடுத்துவிடலாம் என்கிறார் முதலாளி. அதெல்லாம் வந்துவிடும். கணக்குப் பார்த்தால் நைனாவுக்குப் போனது மூன்று விரல். எங்கள் மூவருக்கும் சேர்த்துப் போனது ஒரே ஓர் ஆள். திருத்தணியில் நாங்கள் தெலுங்கில் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே ஓர் ஆள்.